ஒரு வீடு தள்ளிக் குடியிருப்பவர்கள்

கடனை அடைத்து முடித்த வீட்டில் ஒரு மனிதன் தானே குடியிருப்பது மிகப் பெரிய ஊதாரித்தனம் என்பது ஹார்ஷாடேல் ஊரில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. முடிதிருத்தும் கடையிலும், பௌலிங் மன்றத்திலும், மீன் வறுவல் கடை வரிசையிலும் இதே பேச்சு. அதற்கு முன்பு அந்த ஊர் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. மழை என்னவோ இப்போதும் வழக்கம்போலப் பெய்துகொண்டுதான் இருந்தது. அதை மதித்துப் பேசத்தான் ஆளில்லை.

ராட்னி ஹால்ஸ்டெட்டுக்கு அந்த ஆண்டு ஐம்பத்தேழு வயது நிறைந்தது. கார் ஓட்டக் கற்றவர்களைப் பரீட்சித்துச் சான்று வழங்கும் அரசாங்கத் தேர்வாளர் அவர். தமக்குத் திருமணம் நடத்திவைத்த பாதிரியாரையே, பின்கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பிய குற்றத்துக்காக நான்கு முறை தோல்வியடையச் செய்தவர். அதன்பிறகு பாதிரியார் பஸ்ஸில் போகத் தொடங்கிவிட்டார். ராட்னிக்கு அதில் மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதன்படி நடப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது என்பது அவர் எண்ணம். அந்த நிம்மதி தம்முடையதா, விதியினுடையதா என்று மட்டும், ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் நடுவே காரில் தனியே உட்கார்ந்திருக்கும்போது, சில சமயம் யோசிப்பார். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார்.

அவர் வாழ்க்கையில் குழப்பம் தொடங்கிய இடம் முடிதிருத்தும் நாற்காலி.

“உங்ககிட்ட எத்தனை கதவு இருக்கு, மிஸ்டர் ஹால்ஸ்டெட்?”

ராட்னி மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். “கழிப்பறையோட சேர்த்தா ஆறு.”

கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடியில் தெரிந்த முடிதிருத்துபவரின் முகத்தில் இரக்கம் பரவியது.

“கதவுன்னா வாடகைக்கு விட்ட வீடு, சார். எனக்கு நாலு கதவு. லிமிடெட் கம்பெனி. முடி வெட்டுறது சும்மா, பொழுது போகணுமேன்னு.”

அன்று மாலை ராட்னி தம் வீட்டை முதல்முறையாகச் சந்தேகத்தோடு பார்த்தார். இங்கர்மன் தெரு, எண் ஏழு. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பதினோரு செங்கல் வீடுகளில் நான்காவது. எதிர்ப்பக்கம் மூடிய பஞ்சாலையின் மதில் இருப்பதால் அந்தப் பக்கத்துக்குரிய இரட்டைப்படை எண்களுக்கு வாய்ப்பே இல்லாமல் போயிற்று. இருபத்தைந்து வருஷம் தவணை கட்டி, சென்ற வசந்தத்தில்தான் கடைசித் தவணையையும் கட்டி முடித்திருந்தார்.

“பெவ், நம்ம வீடு ஒரு வேலையும் செய்யாம நிக்குது.”

பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு மசித்த உருளைக்கிழங்கு பரிமாறிவிட்டு வந்து காலை நீட்டியிருந்த மனைவி பெவர்லி, “குடுத்து வச்ச வீடு” என்றார்.

நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலில் இலவசக் கருத்தரங்கு நடந்தது. பிஸ்கட்டும் இலவசம். டாரியன் வேல் என்ற இளைஞர் கோட்டும் வெள்ளைக் கான்வாஸ் காலணியுமாக மேடையில் நடந்துகொண்டே பேசினார்.

“நீங்க குடியிருக்கிற வீடு இப்ப என்ன பண்ணுது? சொல்லுங்க, யாராவது!”

“மழை உள்ள வராம பாத்துக்குது” என்றார் ராட்னி.

“தப்பு! தூங்குது. அதுக்குள்ள நீங்களும் தூங்குறீங்க. ரெண்டு பேருமே தூங்கினா சம்பாதிக்கிறது யாரு?”

இருநூறு பேர் தலைகுனிந்தார்கள். வழி எளிதாகத்தான் இருந்தது. ஒரு லிமிடெட் கம்பெனி தொடங்க வேண்டும். சொந்த வீட்டை அந்தக் கம்பெனிக்கு விற்றுவிட வேண்டும். கம்பெனி அந்த வீட்டின்மேல் கடன் வாங்கும். அந்தப் பணத்தில் அடுத்த வீடு, அதை வைத்து அதற்கடுத்த வீடு.

“கம்பெனிங்கிறது சட்டப்படி தனி ஆள். உங்களை அதுக்கு யாருன்னே தெரியாது. அது முழுகினாலும் உங்க மேல ஒரு சொட்டுத் தண்ணி படாது.”

தம்மை யாரென்றே தெரியாத ஒருவரிடம் வீட்டைக் கொடுப்பது அறிவுடைமைதானா என்று ராட்னிக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் பக்கத்து நாற்காலியில், தம் பக்கத்து வீட்டு மாரிஸ் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மாரிஸ் எழுதும்போது தாம் எழுதாமல் இருப்பது சரியாக இராது.

ராட்பெவ் எஸ்டேட்ஸ் லிமிடெட் ஒரு செவ்வாய்க்கிழமை பிறந்தது. இயக்குநர்கள் இருவர். முதல் இயக்குநர் கூட்டம் சமையலறை மேசையில் நடைபெற்றது. எண் ஏழு வீட்டை ராட்னி ஹால்ஸ்டெட்டிடமிருந்து வாங்கலாம் என்ற யோசனையை ராட்னி ஹால்ஸ்டெட் முன்மொழிந்தார். விற்பவரை நன்கு அறிந்தவர் என்பதால் அவர் நாகரிகம் கருதி வாக்களிக்கவில்லை.

“அப்ப நான் மட்டுமா கை தூக்கணும்?” என்றார் பெவ்.

“ஆமா.”

“இந்தக் கையால கேக்குக்கு மாவு பிசைஞ்சிட்டிருக்கேன்.”

“எந்தக் கைன்னு சட்டத்துல இல்ல.”

டார்ன்பரி வீட்டுக்கடன் சங்கத்தில் மிஸ் ஃபேர்பிரதர் என்ற அதிகாரி அவர்களை மலர்ந்த முகத்தோடு வரவேற்றார். எதைச் சொல்லும்போதும் அந்த மலர்ச்சி மாறாது.

“கடன் கம்பெனிக்குத்தான், சார். ஆனா கம்பெனி பொறந்து ஒன்பது நாள்தான் ஆகுது. அதனால நீங்க தனிப்பட்ட ஜாமீன் போடணும்.”

“லிமிடெட்னா என்னைத் தொடாதுன்னு சொன்னாங்களே?”

“கம்பெனி உங்களைத் தொடாது, சார். நாங்கதான் தொடுவோம்.”

பெவ்வைத் தனியறையில் உட்காரவைத்து, கணவரின் நிழல்கூட விழாத இடத்தில், வேறொரு வக்கீல் விளக்கம் கேட்டார். அதுவும் விதி.

“கையெழுத்துப் போடச் சொல்லி உங்க கணவர் உங்களை அழுத்தினாரா, மேடம்?”

“அவரா? டீப்பையைக்கூட ஒழுங்கா அழுத்தத் தெரியாதுங்க அவருக்கு.”

வக்கீல், ‘அழுத்தம் இல்லை’ என்று எழுதிக்கொண்டார். அதற்கு ஒரு கட்டணமும் எழுதிக்கொண்டார். கடைசிப் பக்கத்தைப் பொதுவாக யாரும் படிப்பதில்லை. ராட்னி படித்தார். ‘கம்பெனியின் இயக்குநரோ, அவரது கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரோ மேற்படி வீட்டில் எக்காலத்தும் குடியிருத்தல் ஆகாது.’

“அப்ப நாங்க எங்க இருக்கிறது?”

மிஸ் ஃபேர்பிரதர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “அந்தக் கேள்வி எங்க படிவத்துல வரலையே, சார்.”

தீர்வு பின்வேலியின் மேல் சாய்ந்துகொண்டு வந்தது. மாரிஸின் கம்பெனிக்கு மாரிக்ளென் எஸ்டேட்ஸ் என்று பெயர். அவர் மனைவி கிளெண்டா. அவர்களுக்கும் இதே சிக்கல்.

“இதுல என்னப்பா இருக்கு? நீ என் வீட்டுக்கு வா, நான் உன் வீட்டுக்கு வரேன். நடுவுல ஒரு செங்கல் கனம்தானே?”

மிஸ் ஃபேர்பிரதர் மறுத்துத் தலையசைத்தார். ஒருவர் வீட்டில் ஒருவர் மாறி மாறி இருந்தால் அது உள்ஏற்பாடு. சங்கம் அதற்குக் கடன் தராது.

“மூணு பேர் மாத்திக்கிட்டா?” என்றார் ராட்னி.

“மூணு பேர்னா அது சந்தை, சார். சந்தையை நாங்க மதிக்கிறோம்.”

மூன்றாவது ஆளாக ஐந்தாம் எண் டெஸ்மண்ட் கிடைத்தார். மனைவியை இழந்து தனியாக இருப்பவர். யாராவது கதவைத் தட்டினாலே போதும், எதற்கும் சம்மதிப்பார். மூன்று பேர் கம்பெனி வைத்திருக்கும் தெருவில் மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் வெறும் மனிதர்களாக எத்தனை நாள் இருக்க முடியும்? ஈஸ்டருக்குள் இங்கர்மன் தெருவில் பதினோரு கம்பெனிகள். எல்லோரும் ஒரு வீடு தள்ளிப் போவது, இருபத்தொன்றாம் எண்காரர் சுற்றிக்கொண்டு ஒன்றாம் எண்ணுக்கு வருவது என்று முடிவாயிற்று.

பெவ் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“ஒரு வருஷம், ராட். அடுத்த அக்டோபர்ல நான் என் சமையலறையில நிக்கணும். இல்லேன்னா மோர்கம்ல என் தங்கச்சி சமையலறையில நிப்பேன். நீ எங்க நிக்கிறதுங்கிறதை உன் கம்பெனி முடிவு பண்ணட்டும்.”

அக்டோபரில் குடிபெயர்ந்த நாளில் பதினோரு சோபாக்கள் ஒரே நேரத்தில் மழையில் நடைபாதைக்கு வந்தன. வீடுகள் அனைத்தும் அச்சில் வார்த்ததுபோல இருந்தமையால், ஒவ்வொரு சோபாவும் புதிய வீட்டில் பழைய இடத்திலேயே கச்சிதமாகப் பொருந்தியது. “சாமானை அப்படியே விட்டுட்டு நாம மட்டும் மாறினா என்ன?” என்று யாரோ கேட்டார்கள். சாமானோடு விடும் வீட்டுக்கு ஒப்பந்தம் வேறு என்று ராட்னி எடுத்துக் கூறியதும் சோபாவைத் தூக்கினார்கள்.

எண் ஒன்பதின் வாசலில் மாரிஸ் கோப்போடு நின்றார். கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்.

“பாஸ்போர்ட் காட்டணும், மிஸ்டர் ஹால்ஸ்டெட். இந்த நாட்டுல குடியிருக்க உரிமை இருக்கான்னு ஹவுஸ் ஓனர் சரிபார்க்கணும்னு சட்டம்.”

“மாரிஸ், என் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னது நீதானே?”

“அது ஆவணத்துல சேராதுங்க. இதுக்கு முன்னாடி இருந்த ஹவுஸ் ஓனர்கிட்டயிருந்து நற்சான்று கொண்டாந்தீங்களா?”

“இதுக்கு முன்னாடி நான் சொந்த வீட்டுல இருந்தேன்.”

“அதாவது, இருபத்தஞ்சு வருஷமா ஒரு மாசம்கூட வாடகை குடுத்ததே இல்ல.” மாரிஸ் அதைக் கவலையோடு குறித்துக்கொண்டார்.

முப்பது வருஷம் ‘நீ’ என்று கூப்பிட்டவர் ‘நீங்க’ என்றது ராட்னிக்கு உறைத்தது. ஆனால் அதே பகலில் அவரும் டெஸ்மண்டின் பாஸ்போர்ட்டை வாங்கி, புகைப்படத்தையும் முகத்தையும் மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தார். படத்தில் டெஸ்மண்ட் சிரித்திருந்தார், நேரில் சிரிக்கவில்லை. அதை விளக்கும்படி ராட்னி எழுத்து மூலம் கேட்டுக்கொண்டார்.

வாங்கிய கடனில் அடுத்த வீடு வாங்குவதாகத் திட்டம். முத்திரை வரி, இரண்டு வக்கீல், மதிப்பீட்டாளர், எரிவாயுச் சான்று, டாரியன் வேலின் தங்கநிலை ஆலோசனை எல்லாம் போக மிஞ்சியதில், தீ தாங்கும் சமையலறைக் கதவு ஒன்று வாங்க முடிந்தது. வாடகை வீட்டுக்கு அது கட்டாயம். ராட்பெவ் எஸ்டேட்ஸின் தொகுப்பில் ஒரு கதவு கூடிற்று.

டிசம்பரில் எண் ஒன்பதில் வெந்நீர்க் கொதிகலன் நின்றுபோயிற்று. முன்பெல்லாம் மாரிஸ் வீட்டுக் கொதிகலன் நின்றால் ராட்னி வேலியைத் தாண்டிப் போவார், இருவரும் அதை இரண்டு உதை உதைப்பார்கள், அது ஓடும். இப்போது குடியிருப்பவர் கொதிகலனை உதைப்பது ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவுக்கு விரோதம். மாரிஸ் வந்து உதைக்கலாம் என்றால், இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்பு எழுத்தில் அறிவிக்காமல் குடியிருப்பவரின் அமைதியை அவர் குலைக்கக்கூடாது. அறிவிப்பு எழுதுவதற்கு மாரிஸுக்குக் கை விறைத்திருந்தது. அவர் குடியிருந்த பதினொன்றாம் எண்ணிலும் கொதிகலன் நின்றிருந்தது.

பெவ் இரண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு நடைபாதையில் நின்று தம் வீட்டு ஜன்னலைப் பார்ப்பார்.

“டெஸ்மண்ட் என் ஜன்னல் விளிம்புல பீங்கான் தவளை வச்சிருக்கான், ராட்.”

“அது வாடகைதாரரோட சொந்த விருப்பம், பெவ்.”

“மூணு தவளை.”

“எண்ணிக்கைக்கு ஒப்பந்தத்துல வரம்பு இல்ல.”

பெவ் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை, நான்காம் முறை தோற்ற பாதிரியார் பார்த்த பார்வை. ராட்னி காலண்டரைப் பார்த்தார். அக்டோபருக்கு இன்னும் பத்து மாதம்.

ஜனவரியில் பதினொன்றாம் எண் உரிமையாளர் இம்தியாஸ், சந்தை நிலவரத்தை உத்தேசித்து, மாரிஸின் வாடகையை ஐம்பது பவுண்டு உயர்த்தினார். மாரிஸ் வேறு வழியின்றி ராட்னிக்கு உயர்த்தினார். ராட்னி வருத்தத்துடன் டெஸ்மண்டுக்கு உயர்த்தினார். அந்த ஐம்பது பவுண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, பிப்ரவரி நடுவில் பதின்மூன்றாம் எண் உரிமையாளர் மூலம் அங்கே குடியிருந்த இம்தியாஸின் கதவைத் தட்டியது.

“என்ன அநியாயம் இது!” என்று இம்தியாஸ் தெருவில் நின்று கத்தினார். “உழைக்கிற மனுஷன் எப்படிப் பிழைக்கிறது? இதை யாரு ஆரம்பிச்சு வைக்கிறாங்க?”

எல்லோரும் அவர்மேல் அனுதாபப்பட்டார்கள்.

வீட்டுக்கடன் சங்கத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இங்கர்மன் தெருவில் வாடகை உயர்ந்திருப்பதால் வீடுகளின் மதிப்பும் உயர்ந்துவிட்டது. பதினோரு கம்பெனிகளும் செழிப்பாக இருக்கின்றன. அந்தக் கடிதத்தைக் குளிரில் கையுறை போட்டுக்கொண்டு படித்தார்கள்.

கோடை போய், அக்டோபர் வந்தது. ராட்னி மிஸ் ஃபேர்பிரதரின் முன் போய் உட்கார்ந்தார். பெவ் பக்கத்தில், கைப்பையை மடியில் நிறுத்தி வைத்திருந்தார்.

“எங்க வீட்டைக் கம்பெனிகிட்டயிருந்து திரும்ப வாங்கிக் குடியிருக்கணும்.”

மலர்ந்த முகம் கணினியைப் பார்த்தது. “தாராளமா, சார். ஆனா நீங்க இப்ப வாடகை வீட்டுல இருக்கீங்க. வயசு அம்பத்தெட்டு. வாடகை குடுத்தது போக மிச்சம் ரொம்பக் கொஞ்சம். இங்கர்மன் தெருவுல வீடு வாங்குற வசதி உங்களுக்கு இல்லையே.”

“நான் இங்கர்மன் தெருவுல ஹவுஸ் ஓனர்!”

“அது கம்பெனி, சார். அதுக்கு வசதி இருக்கு. அது வாங்கணும்னா இன்னொரு வீடு இப்பவே தரோம்.”

பெவ் கைப்பையைத் திறந்து மூடினார். “அந்தக் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படிங்க, மிஸ். யார் யார் குடியிருக்கக்கூடாதுன்னு.”

மிஸ் ஃபேர்பிரதர் படித்தார். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர்.

“முன்னாள் மனைவி?”

“பட்டியல்ல இல்லையே, மேடம்.”

ராட்னி சிரித்தார். பெவ் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்.

“விவாகரத்துக்கு இருபத்தாறு வாரம் ஆகும்” என்றார் பெவ், பஸ் நிறுத்தத்தில். “ரெண்டு பேரும் சேர்ந்து மனுப் போட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களாம். பள்ளிக்கூடத்துல ரெண்டு பேர் போட்டிருக்காங்க. அதுவரைக்கும் பொறுத்துக்கறேன், மோர்கம் போகல.”

“பெவ், நாம முப்பத்தொரு வருஷம்...”

“காகிதத்துலதானே, ராட்? நீ டைரக்டர்ங்கிறது காகிதத்துல. நான் மாரிஸோட வாடகைக்காரிங்கிறது காகிதத்துல. இதுவும் ஒரு காகிதம். நான் வீட்டுக்குப் போயிடறேன். பின்னாடியே நீ விருந்தாளியா வந்துடு, டைரக்டர் குடியிருக்கத்தானே கூடாது?”

தீர்ப்பின் பிரதி வந்த அன்று இருவரும் ஒரு பொட்டலம் மீன் வறுவல் வாங்கிப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். மசித்த பட்டாணி யாருக்கு என்பதில்தான் சிறு தகராறு. பெவ் இயக்குநர் பதவியைத் துறந்தார். தம் பங்குகளை ராட்னி பெயருக்கு மாற்றினார். இங்கர்மன் தெருவில் கம்பெனி எதுவும் இல்லாத ஒரே மனிதப்பிறவி அவர்தான் இப்போது.

எண் ஏழில் டெஸ்மண்டுக்கு ஒரு படுக்கையறைதான் தேவைப்பட்டது. மற்றதை மிஸ் பெவர்லி என்ற பெண்மணிக்கு வாடகைக்கு விட ராட்பெவ் எஸ்டேட்ஸ் இசைந்தது. ராட்னி பாஸ்போர்ட்டைச் சரிபார்த்தார். சம்பளச் சீட்டைக் கேட்டார். முன்பிருந்த வீட்டில் நடத்தை எப்படி என்று மாரிஸிடம் விசாரித்தார். நல்ல மாதிரி என்று மாரிஸ் எழுதிக் கொடுத்தார். எல்லாம் முறைப்படி முடிந்தது. பெவ் தம் சமையலறைக்குள் போய் நின்று, கெட்டிலில் தண்ணீர் பிடித்து, தீ தாங்கும் கதவைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். தவளைகள் தோட்டத்துக்குப் போயின. டெஸ்மண்ட் அன்று சிரித்தார்.

மறுநாள் மாலை ராட்னி, இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவித்துவிட்டு, எண் ஏழின் கதவைத் தட்டினார்.

“வா உள்ள” என்றார் பெவ். “கறியும் உருளைக்கிழங்கும் வேகுது. உன் பெட்டி எங்க?”

ராட்னி வாசற்படியிலேயே நின்றார். ஒரு வாரமாகவே ஒன்று அவரை அரித்துக்கொண்டிருந்தது.

“பெவ், நீயும் டெஸ்மண்டும் உறவு இல்ல. நானும் டெஸ்மண்டும் உறவு இல்ல. இப்ப நீயும் நானும் உறவு இல்ல. உறவில்லாத மூணு பேர் ஒரு வீட்டுல இருந்தா அது கூட்டுக் குடியிருப்பு. நகரசபை உரிமம் வேணும். உரிமத்துக்கு ரெண்டாவது கழிப்பறை வேணும்.”

“சரி, அப்ப உறவுன்னே வச்சுக்கோ.”

“உறவுன்னா நீ இங்க இருக்கக்கூடாது.”

டெஸ்மண்ட் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ராட்னி! குளிர் வருது, கதவைச் சாத்துங்க!”

“யாரு பாக்கப் போறா, ராட்?” பெவ்வின் குரல் தணிந்திருந்தது.

“நான் பாப்பேனே.”

“நீ யாரு?”

“ஹவுஸ் ஓனர்.”

பெவ் கைத்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “அப்ப உன் ஹவுஸ் ஓனர்கிட்ட மனுப் போட்டுப் பாரு” என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனார்.

கோபத்தில் சொன்னதை ராட்னி யோசனையாக எடுத்துக்கொண்டார். எண் ஒன்பதின் மேசையில் உட்கார்ந்து, எண் ஏழில் விருந்தினராகத் தங்க அனுமதி கோரி, உருக்கமாக ஒரு மனு எழுதினார். எழுதும்போது கண் கலங்கியது. முப்பத்தொரு வருஷ வாழ்க்கையை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதியிருந்தார். பிறகு மேசையின் எதிர்ப்பக்கத்துக்குப் போய் உட்கார்ந்து, ராட்பெவ் எஸ்டேட்ஸின் இயக்குநர் கூட்டத்தைத் தொடங்கினார். குறைந்தபட்ச வருகை ஒருவர், வந்திருந்தார்.

மனுவை இயக்குநர் அனுதாபத்தோடு பரிசீலித்தார். மனுதாரர் நல்லவர் என்றே அவருக்குப் பட்டது. ஆனால் உறவினர் என்றால் கடன் ஒப்பந்தம் தடுக்கிறது. உறவினர் அல்லர் என்றால் உரிமச் சட்டம் தடுக்கிறது. உறவினராகவும் இல்லாமல் உறவினர் அல்லாதவராகவும் இல்லாமல் இருக்க முடியுமா என்று முக்கால் மணி நேரம் யோசித்தார். தாம் பெவ்வுக்கு இப்போது உண்மையில் யார் என்ற கேள்வி அப்போதுதான் முதல்முறையாக அவருக்குள் எழுந்தது. நிகழ்ச்சிநிரலில் இல்லாத பொருளாகையால் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மனுவை நிராகரித்து, மிகுந்த வருத்தம் தெரிவித்து, கையெழுத்திட்டு, விலை குறைந்த இரண்டாம் வகுப்புத் தபால்தலை ஒட்டி அனுப்பினார்.

கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாசித்ததும் ராட்னியின் முகம் சிவந்துவிட்டது.

“என்ன மனுஷங்க இவங்க!” என்றார், மழையில் தெருவிலேயே நின்று. “ஒரு புருஷன் பொண்டாட்டியோட சேர்ந்திருக்கக்கூடாதாம்! இதயம்னு ஒண்ணு கிடையாதா?”

“ஹவுஸ் ஓனர்னாலே அப்படித்தாங்க” என்றார் மாரிஸ், உண்மையான வேதனையோடு. “இம்தியாஸ் பண்றதைப் பாருங்க, இன்னும் எனக்கு வெந்நீர் வரல. நாம சும்மா விடக்கூடாது.”

தெரு கொதித்தது. மெதடிஸ்ட் தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, இங்கர்மன் தெரு வாடகைதாரர் சங்கத்தின் முதல் பொதுக்கூட்டம் சனிக்கிழமை பிற்பகல் கூட்டப்பட்டது. பதினோரு வீட்டாரும் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். கிளெண்டா தேநீர் ஊற்றினார். ‘வாடகைக் கொள்ளை ஒழிக’ என்று டெஸ்மண்ட் ஒரு துணியில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். கொடுமைக்கு ஆளான ராட்னியின் விவகாரம்தான் முதல் பொருள். பெவ் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கத்துக்கு விதிகள் வேண்டுமல்லவா? நாடெங்கும் வாடகைதாரர் சங்கங்கள் வைத்துக்கொள்ளும் மாதிரி விதிகளைக் கிளெண்டா இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்டு வந்திருந்தார். தெளிவாகப் படிக்கக்கூடியவர் என்பதால் ராட்னியைப் படிக்கச் சொன்னார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேர்வு முடிவை அறிவிக்கும் குரலில் படித்தார்.

“விதி ஒன்று. வாடகைதாரர்கள் அச்சமின்றித் தம் குறைகளை எடுத்துரைக்கும் பொருட்டு, வீட்டு உரிமையாளர்களோ, உரிமையாளர் கம்பெனிகளின் இயக்குநர்களோ, பங்குதாரர்களோ கூட்டத்தில் இருத்தல் ஆகாது.”

தேநீர்க் கோப்பைகள் மெதுவாகத் தட்டுகளில் இறங்கின.

“நல்ல விதிதான்” என்றார் இம்தியாஸ்.

“ஆமா. இல்லேன்னா மிரட்டிடுவாங்க” என்றார் மாரிஸ்.

ராட்னி காகிதத்தை மடித்து மேசையில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டார். அவர் எழுந்ததும் மாரிஸும் கிளெண்டாவும் எழுந்தார்கள். இம்தியாஸும் வீட்டாரும் எழுந்தார்கள். டெஸ்மண்ட் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். “மன்னிக்கணும்”, “நீங்க முன்னாடி போங்க”, “இல்லைங்க, நீங்க” என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு, பதினோரு வீட்டாரும் வரிசையாக வெளியே போய், மழையில் சுவரோரம் வரிசை குலையாமல் நின்றார்கள். அவசரப்படுத்த வேண்டாம் என்றார் ஒருவர். வாடகைதாரர்கள் நிதானமாக முடிவெடுக்கட்டும்.

பதினைந்து நிமிஷம் கழித்துப் பெவ் வெளியே வந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மண்டபத்தின் விளக்கை அணைத்தார்.

“என்ன முடிவாச்சு?” என்று வரிசை முழுவதும் கேட்டது.

“வாடகையைப் பாதியாக் குறைக்கணும்னு தீர்மானம். ஏகமனதா நிறைவேறிடுச்சு.”

கைதட்டல் எழுந்தது. மூன்றாவது தட்டலிலேயே அது தயங்கி, அங்கங்கே நின்றுபோயிற்று. ஒவ்வொருவரும் தலையைச் சாய்த்து மனதுக்குள் எதையோ கணக்குப் போடுவது தெரிந்தது.

ராட்னி வரிசையைவிட்டு ஓரடி முன்னால் வந்தார். “என் விஷயம், பெவ்?”

“எடுத்தோம். மனுதாரர் ஆஜராகல. தள்ளுபடி.”

ராட்னி தலையசைத்தார். வேறு என்ன செய்திருக்க முடியும்? அவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்.

“உனக்காக அஞ்சு நிமிஷம் கதவைத் திறந்தே வச்சிருந்தேன், ராட்” என்றார் பெவ். “நீ திரும்பி உள்ள வருவியான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் காத்துல சாத்திக்கிச்சு.”

“காத்து இல்ல, பெவ். நான்தான் சாத்தினேன்” என்றார் ராட்னி. “உன் மேல சாரல் அடிக்குமேன்னு.”